தோர்ன்பெக்கின் ஒரேயொரு கோப்பை

மின்னஞ்சல் வந்தது பேர்ணடெற்றுக்கு. வயிறு எரிந்தது தங்கை கிளடிசுக்கு.

இங்கிலாந்தின் வடக்கே தோர்ன்பெக் என்றொரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பெண்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். எழுதுகிறவர் பழைய பயிற்சியாளர் மொறீன். 'தொண்ணூற்றைந்தாம் ஆண்டு எங்களுக்குக் கோப்பையை வென்று தந்த பேர்ணிக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். கழகத்தின் ஐம்பது வருசத்துக்கும் மேற்பட்ட வாழ்வில் கிடைத்த ஒரேயொரு கோப்பை அதுதான். உன்னை எவ்வளவு காலமாகத் தேடினேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா' என்று எழுதியிருந்தார்.

பேர்ணடெற் பிறந்த நாள்தொட்டு இன்றுவரை ஒரு பந்தைக் காலால் தொட்டவளில்லை. விளையாடியவள் கிளடிஸ். மூன்று வருசம், இடதுபக்க ஓரத்தில், பதினோராம் நம்பர் சட்டையோடு, அக்காவின் பெயரில்.

எல்லாம் அத்தான் சீமோனின் மூளை. கிளடிஸ் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு அக்கா வீட்டில் தங்கியிருந்த காலம் அது. அக்காவுக்கும் அத்தானுக்கும் விசா சரி. இவளுடைய கேஸ் இழுபட்டுக்கொண்டு கிடந்தது. பிறந்த ஊரான பாசையூரில் அண்ணன்மாரோடு மல்லுக்கட்டிப் பந்தடித்தவள் வீட்டுக்குள் சும்மா இருப்பாளா? பின்பக்கத்து மைதானத்தில் பெண்கள் விளையாடுவதைக் கண்டு போய் நின்றாள். வெளியே வந்த பந்தை ஒருநாள் திருப்பி அடித்தாள். அடுத்த கிழமை மொறீன் பதிவுப் படிவத்தோடு வாசலில் நின்றார்.

"உனக்கென்ன விசரோடி? பேர் பேப்பரில வரும்," என்று சீமோன் துள்ளினார். "கேசைப் பாக்கிறவன் அதைப் பாத்தானெண்டால்? உயிருக்குப் பயந்து ஓடி வந்தவள் இஞ்ச துள்ளித் திரியிறாள் எண்டு திருப்பி ஏத்திவிடுவான்."

எந்த வக்கீலும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் சனம் வக்கீலைவிடப் பயத்தைத்தான் கூடுதலாக நம்பியது. படிவத்தில் பேர்ணடெற் கையெழுத்துப் போட்டாள். மைதானத்தில் இறங்கியது கிளடிஸ். வெள்ளைக்காரிகள் பெயரைச் சுருக்கி 'பேர்ணி' ஆக்கினார்கள். முதல் இரண்டு கிழமை அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவள் திரும்பியே பார்ப்பதில்லை. இந்தப் பிள்ளைக்குக் காது மந்தம் என்று மொறீன் பாவப்பட்டார்.

அட, என்ன காலம் அது! பெண்கள் பந்தடிக்கக்கூடாதென்று ஐம்பது வருசம் மைதானங்களைப் பூட்டி வைத்திருந்த நாடு. தடை நீங்கிய கையோடு, பிஸ்கட் தொழிற்சாலைப் பெண்கள் பதினொரு பேர், ஆண்கள் கழித்துவிட்ட சட்டைகளைப் போட்டுக்கொண்டு தொடங்கிய கழகம்தான் தோர்ன்பெக். கிளடிஸ் போன காலத்திலும் உடைமாற்ற ஓர் அறை கிடையாது. எல்லாம் மொறீனின் வான் வண்டிக்குள்தான். மைதானம் ஒரு பக்கம் சரிவு. சட்டைகளை முறைவைத்து ஒவ்வொருத்தி வீட்டில் தோய்ப்பார்கள். கிளடிசின் முறை வந்தால் பதினைந்து சட்டைகளும் அக்காவின் குசினிக்கு மேலே காயும். அடுத்த ஞாயிறு முழு அணியும் மீன்குழம்பு மணக்க ஓடும். "எதிரணிக்காரியள் பசியெடுத்துத்தான் தோத்தவை," என்று சொல்லிச் சிரிப்பார்கள். இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிவரும்போது கிளடிஸ் அதில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவினாள். முதலில் முகத்தைச் சுளித்தவர்கள், பிறகு தூள் இல்லாவிட்டால் பழத்தைத் தொடமாட்டோம் என்றார்கள்.

அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக இருந்த காலம் வேறில்லை. பிறகு இங்கிலாந்தை விட்டுக் கடல் கடந்து வந்து குடியேறிய டோர்செட் பார்க்கில் பதினாலாம் மாடியில், முதியோர் இல்லத்து வேலையால் வந்து காலுக்கு எண்ணெய் பூசும்போதெல்லாம், அந்தக் கால் என்னென்ன செய்தது என்று நினைத்துக்கொள்வாள். யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

இப்போது ஊரே நம்புகிறது. ஆனால் ஆள்தான் மாறிவிட்டது. பேர்ணடெற்றின் மகள் நிலாணி அந்த மின்னஞ்சலைப் படம்பிடித்து, 'மை அம்மா, த லெஜெண்ட்' என்று முகநூலில் போட்டுவிட்டாள். நானூறு லைக். கோயிலில் ஆட்கள் பேர்ணடெற்றைப் பிடித்து முழங்கால் நோவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். அவளும் மறுக்காமல், வோக்கிங் போங்கோ என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

"உண்மையைச் சொல்லுவமே அக்கா?" என்று கிளடிஸ் கேட்டாள். கேட்ட கையோடு அவளே விட்டுவிட்டாள். விதி அவளுக்குத் தெரியும். வேறொருத்தியின் பெயரில் ஆள் இறக்கினால் வென்றதெல்லாம் பறிபோகும். அதே வருசம் வேறோர் அணியை அப்படித்தான் போட்டியை விட்டே துரத்தினார்கள். தன் பெயர் புத்தகத்தில் வரவேண்டுமென்றால் மொறீனின் ஒரேயொரு கோப்பை போய்விடும். எந்த வாயால் அதைச் சொல்வது?

ஆகவே ஒரு கள்ளத் திட்டம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்காவின் யூனியன்வில் வீட்டில், நிலாணி வேலைக்குப் போன பிறகு, மடிக்கணினிக்கு முன்னால் பேர்ணடெற் இருந்தாள். கிளடிஸ் அதற்குப் பின்னால், கமராவில் படாமல், கதிரையைப் போட்டு இருந்துகொண்டு பதில்களைத் தமிழில் முணுமுணுத்தாள். முப்பது வருசத்தில் எந்த முகம்தான் பழைய முகமாக இருக்கிறது, மொறீனுக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைத்தார்கள்.

மொறீனின் குரல் கேட்டதும் கிளடிஸ் கதிரை நுனிக்கு வந்தாள். அதே கரகரத்த குரல். அவர் பேசுவது இங்கிலீசுதான். ஆனால் கிளடிசின் காதில் அது அன்றைக்கும் இன்றைக்கும் தமிழாகத்தான் விழும்.

"பேர்ணி, என்ர செல்லமே! கிட்ட வா பாப்பம். கண்ணாடி போட்டிட்டாய் என்ன? சரி, சொல்லு. மழை, ஒண்டுக்கு ஒண்டு, இன்னும் ரெண்டு நிமிசம்தான் கிடக்கு. அந்தக் கோலை என்னெண்டு அடிச்சனி?"

பேர்ணடெற் தொண்டையைச் செருமினாள். பின்னாலிருந்து பதில் வருமுன்னே தானாக வாயைத் திறந்தாள்.

"வலது காலால ஓங்கி ஒரு உதை..."

"ஐயோ கடவுளே! இடது காலடி! இடது கால்!"

கத்தியது கிளடிஸ். கத்தினாள் மட்டுமா, எழும்பி அக்காவின் தோளுக்கு மேலால் தலையையும் நீட்டிவிட்டாள்.

திரையில் மொறீன் வாயைப் பிளந்தார். பிறகு கிளடிசைப் பார்த்து, பேர்ணடெற்றைக் காட்டி, "பேர்ணி, உது ஆர் உந்த மனுசி?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு என்ன மறைக்கிறது? கிளடிஸ் எல்லாவற்றையும் கொட்டினாள். படிவம், கேஸ், சீமோனின் பயம், எல்லாம். கடைசியாகத் தன் பெயரையும் சொன்னாள்.

"கிளடிஸோ?" மொறீன் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கட ஊரில தெருவுக்கு நாலு கிளடிஸ் கிழவியள் இருந்தவை. உன்ர பேரைப் பேப்பரில போட்டிருந்தால், ஆரோ தோர்ன்பெக் கிழவிக்கு இந்த வயசில பந்தடி கேக்குது எண்டெல்லோ நினைச்சிருப்பினம்!"

கிளடிசும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அரைவழியில் நின்றது, ஏனென்றால் மொறீனின் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ர அம்மாவின்ர பேரும் கிளடிஸ்," என்றார். "செத்தவீட்டில பெட்டிக்குப் பக்கத்தில என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனி. பாதிரியார் அந்தப் பேரைப் பத்துத்தரம் சொன்னவர். அண்டைக்காவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வெளிக்கிட்டனான், மொறீன்."

"கேஸ் முடியேல்லையோ?"

பொய் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. கிளடிஸ் சொல்லவில்லை.

"அது செத்தவீட்டுக்கு ஒரு மாசம் முன்னமே முடிஞ்சுது. விசா கையில இருந்தது. பெயர் பொய்யெண்டு தெரிஞ்சால் இறுதியாட்டத்தில என்னை இறக்கமாட்டியள் எண்டுதான் வாயை மூடினனான். எனக்கு விளையாட வேணும் போல கிடந்தது. அவ்வளவுதான்."

"ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டக்காரியளின்ர பேர்த் தாளில 'எல்லாம் உண்மை' எண்டு கையெழுத்து வைச்சது நான்," என்றார் மொறீன். பிறகு ஒரு பேனையை எடுத்தார். "முழுப் பேரையும் எழுத்தெழுத்தாச் சொல்லு."

கிளடிஸ் சொன்னாள். 'அந்தோனிப்பிள்ளை' என்பதை இங்கிலீசில் சொல்லி முடிக்கிறதுக்கிடையில் அவளுக்கு வேர்த்துவிட்டது. மொறீன் எழுதினார், தலையாட்டினார், திரை இருண்டது. எழுதியது புத்தகத்துக்கா, முறைப்பாட்டுக்கா என்று சொல்லவேயில்லை.

நாலு நாள் ஒரு சத்தமும் இல்லை. பேர்ணடெற் நாளுக்கு மூன்றுதரம் போன் எடுத்தாள். "கோப்பை போச்சோடி? நான் நிலாணிக்கு எந்த முகத்தோட சொல்லுறது?" கிளடிஸ் அழுதாள். பாவம் அந்த மனுசி, எண்பது வயதில், ஆசையாசையாக ஒரு புத்தகம் எழுத வெளிக்கிட்டு, நடுவில் இப்படியொரு இடி. வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். இடது கால், வலது கால், யாருக்கு என்ன வந்தது?

வியாழக்கிழமை, வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம், போனில் ஒரு பக்கம் வந்தது. அச்சுக்குப் போகிற பக்கம். மேலே பழைய படம்; கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சேறு அப்பிய முகத்தோடு கிளடிஸ் நிற்கிறாள். கீழே எழுத்து:

'வெற்றிக் கோல்: கிளடிஸ் அந்தோனிப்பிள்ளை, இடது கால், எண்பத்தெட்டாம் நிமிடம். இவள் மூன்று வருடம் தன் அக்காவின் பெயரில் எங்களுக்காக விளையாடினாள். எனக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். விதிப்படி பார்த்தால் இந்தக் கோப்பை எங்களுடையதல்ல. வேண்டுமென்கிறவர்கள் என் வாசலுக்கு வந்து கேட்கட்டும்.'

அதற்குக் கீழே, புத்தகத்துக்கில்லாமல் தனியாக இரண்டு வரி. 'உன்மேல் இன்னும் கோபம்தான். ஆளைவைத்துப் பேசாமல் நீயே போன் எடு.'

கிளடிஸ் சோற்றை மூடிவைத்துவிட்டு, கையைத் துடைத்து, எண்களை அழுத்தினாள். அங்கே பின்னேரம் ஐந்து மணி இருக்கும். மணி நாலாவது தரம் அடிக்க எடுத்தார்கள்.

"ஆர் கதைக்கிறது?" என்றது அந்தக் கரகரத்த குரல்.

"நான் கிளடிஸ்," என்றாள் அவள்.