வெயிலில் மட்டும் கேட்கும்

சூரிய மின்சாரம் நிலக்கரி மின்சாரத்தைவிட மலிவாகிவிட்டதாம். பேப்பரில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது. ராயபுரத்தில் எங்கள் வீட்டில் அது 1978-லேயே மலிவாகிவிட்டது. பேப்பர்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்ல எனக்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் என் மனைவி டோரதியின் காதால் வந்தது. கல்யாணமான மறுவருஷம் ஒரு காய்ச்சல் வந்து செவியை வாரிக்கொண்டு போனது. கொருக்குப்பேட்டை கூட்ஸ் வண்டி கட்டிலுக்கு அடியில் ஓடினாலும் புரண்டுதான் படுப்பாள். ஆஸ்பத்திரியில் ஒரு காது மெஷின் கொடுத்தார்கள். சின்னப் பெட்டி, ரவிக்கையில் குத்திக்கொண்டு ஒயரைக் காதில் செருக வேண்டும். உள்ளே ஒரு பேட்டரி கட்டை. அந்த மெஷின் கட்டையைக் கரும்பு மாதிரி கடித்துத் துப்பியது.

அதனால் டோரதி ஒரு சட்டம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மெஷின் உண்டு. மீன்காரி மங்கையிடம் பேரம் பேசவும் உண்டு. நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் மெஷினை ‘டக்’கென்று அணைத்துவிடுவாள்.

“உன் பேச்சுக்கு ஒரு கட்டையா? கட்டுப்படியாவாதுய்யா.”

எனக்கென்ன, குரலா இல்லை? கிரேன் மேலிருந்து நான் கத்தினால் எண்ணூரில் நங்கூரம் போட்ட கப்பல் திரும்பிப் பார்க்கும். ஆனால் பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டிய சில சொற்களைக் கத்திச் சொல்ல முடியுமா? தெருவே கேட்கும், அவளுக்கு மட்டும் கேட்காது. நாலு வருஷமாக அந்தச் சொற்கள் சரக்கு இறக்காத கப்பல் மாதிரி என் தொண்டையிலேயே நின்றன.

கடலில் மிதக்கிற விளக்குகளைப் பழுது பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஜார்ஜ் என் தோஸ்து. ஏதோ வெளிநாட்டுக் கப்பல் கழித்துப் போட்ட உடைந்த தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். கண்ணாடிக்குள் கருநீல வட்டங்கள்.

“இன்னாடா இது, தோசைக்கல்லா?”

“சூரியத் தட்டு மாமு! வெயில்ல வெச்சா கரண்ட்டு வரும். புச்சா வாங்கணும்னா ராயபுரத்தையே விக்கணும். ஒடஞ்சதால உனக்கு ஓசி.”

“ராத்திரிக்கு?”

“ரொப்பி வெக்க வேற பெட்டி வேணும். அதுக்குக் காசிமேட்டையும் சேத்து விக்கணும்.”

உடையாத மூன்று வட்டங்கள் இருந்த மூலையை மட்டும் அறுத்தெடுத்து, மெஷினில் கட்டை இருந்த இடத்தில் ஒயரைக் கோத்துக் கொடுத்தான். டோரதி மொட்டைமாடியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

“கேக்குதாம்மே?” என்றேன், ரகசியம் போல.

“கத்தாதேய்யா,” என்றாள். கண் கலங்கியிருந்தது.

அன்று முதல் ராத்திரி ஷிப்ட் கேட்டு வாங்கினேன். பகல் வெயில் வேண்டுமே! கத்திரி வெயிலில் காக்காய்கூட நிழல் தேடும்போது நாங்கள் இருவரும் மாடியில் இருப்போம். குடையை அவள் தலைக்குப் பிடிப்பேன், தட்டுக்கு நிழல் படாமல். மேகம் வந்தால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். திறந்த வாயை மூடாமல் காத்திருப்பேன். நிலக்கரி தன் போட்டியாளனைச் சும்மா விடுமா? கரண்ட்டு ஆலைப் புகைபோக்கியின் கரி தட்டில் படியும், என் குரல் மங்கும். அவள் முந்தானையால் துடைத்துவிட்டு, “இப்ப சொல்லு” என்பாள். நான் கறுத்த கறுப்பில் மங்கை என்னை அடையாளம் தெரியாமல் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

என்ன சொன்னேன்? கிரேனில் திமிங்கலத்தைத் தூக்கினதையும், அது எனக்கு நன்றி சொன்னதையும் சொன்னேன்.

“புளுகு, புளுகு. ஓசி கரண்ட்டுதானே!” என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே திமிங்கலம் குட்டிபோட்டுக்கொண்டே போனது. சொல்ல நினைத்ததை நாளைக்குச் சொல்லலாம், வெயில் எங்கே போகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

ஐப்பசி பிறந்ததும் வெயில் போயேவிட்டது. வானம் தார்ப்பாய் போர்த்துக்கொண்டது. தட்டு சும்மா சுவரில் சாய்ந்திருந்தது. வீட்டில் மழைச் சத்தம் மட்டும். அதுவும் எனக்கு மட்டும்.

ஒரு சாயங்காலம் டோரதி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். புதுக் கட்டை ஒன்றை எடுத்து மெஷினில் போட்டு ரவிக்கையில் குத்திக்கொண்டாள்.

“கிறிஸ்மஸ் பூசைக்கு வெச்சிருந்தது,” என்றாள். “சொல்லு.”

“கட்டுப்படியாவுமா?”

“நீ சொல்றதப் பாத்துத்தான்.”

அன்றைக்குப் பார்த்து ஒரு திமிங்கலமும் வரவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன்: “நீ இதை அமுத்திட்டா, நீ ஊருக்குப் போய்ட்ட மாதிரியே கீதும்மே. வூட்ல நான் மட்டும் தனியா குந்திகினு கீறேன். உன்னாண்ட பேசாத நாளு எனக்கு நாளே இல்ல.”

அவள் மெஷின்மேல் கைவைத்தாள். அணைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அணைக்கவில்லை.

“மழை சத்தத்துல ஒண்ணும் கேக்கல,” என்றாள், காதுமடல் வரை சிவந்து. “இன்னொரு தபா சொல்லு.”

எங்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.