மூடியின் நிறத்தைச் சொல்ல மாட்டேன்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது. திருடியவன் நான். திருடிய பொருள் ஒரு கப் தயிர், நூற்றைம்பது கிராம், [நிறம் நீக்கப்பட்டது] மூடி போட்டது. திருடிய இடம், என் தங்கை வேலை பார்க்கும் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் ஃபிரிட்ஜ்.

அடைப்புக்குறிக்குள் இருப்பது அச்சுப்பிழை இல்லை. நான் நிறத்தை எழுதித்தான் வைத்திருந்தேன். கையெழுத்துப் பிரதியைப் படித்த தங்கை அதை அடித்துவிட்டாள். "இந்த ஆய்வுல இருக்கறவங்கள்ல நாலு பேர் உன் கதையெல்லாம் படிக்கறவங்கண்ணா" என்றாள். எனக்கு மொத்தமே அவ்வளவு பேர்தான் வாசகர்கள் என்பதால் மறுத்துப் பேச முடியவில்லை.

2

தொடக்கத்துக்கு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

முதல் முயற்சி: "வெண்ணிறச் சுவர்களுக்கு நடுவே, ஒரு தேவதையைப் போல அவள்..."

விட்டுவிட்டேன். சுவர் வெள்ளை இல்லை. பாதி உயரத்துக்குப் பச்சை பெயின்ட், ஜன்னலோரம் உரிந்து கிடக்கிறது. தேவதைக்கு ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வலி, பசித்தால் எரிந்து விழும் குணம்.

இரண்டாவது முயற்சியில் ஒரு வில்லனைக் கொண்டுவந்தேன். பால் கம்பெனி முதலாளி. மோதிரம், கருப்புக் கார், ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லி மிரட்டல். இரண்டு பக்கம் நன்றாகவே ஓடியது.

"யாருண்ணா இந்த ஆளு?"

"உன் ஆராய்ச்சிய கெடுக்கப் பாக்கறவர்."

"பாலே அவங்கதான் குடுக்கறாங்க. ஐஸ் போட்டு வேன்ல அனுப்பறாங்க. ஒன்றரை வருஷத்துல ஒரு நாள் லேட்டாகல. பாவம், எதுக்கு அவங்கள இழுக்கற?"

முதலாளியைத் தூக்கிவிட்டு மாட்டைப் பிடித்தேன். தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும் மாடு, நிலத்தை மேய்ந்து அழிக்கும் மாடு, ஏப்பம் விட்டே உலகைச் சூடாக்கும் மாடு. அதைப் படித்ததும்தான் அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"மாட்டையும் விட மாட்டியா? நம்மால புல்ல தின்னு செரிக்க முடியுமா? அது புல்ல பாலாக்கிக் குடுக்குது. சாதாரண வேலையா அது? பால் நல்லதா கெட்டதான்னு நான் கேக்கல. எவ்வளவு போதும்னு கேக்கறேன். பாதிப் பாலை எடுத்துட்டு அங்க பயறு வகைய வெச்சா, வயசானவங்க உடம்பு தளராம நிக்குமா? நின்னா, அத்தனை தீவனமும் தண்ணியும் மிச்சம். நிக்கலைன்னா, மிச்சம் பிடிக்கிறேன்னு அவங்க கால ஒடைக்கக் கூடாது. அவ்வளவுதான் கேள்வி."

இதை அப்படியே எழுதிக்கொண்டேன். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பத்தி இதுதான், அதில் என் சொல் ஒன்றுகூட இல்லை.*

* பொறாமையாக இருக்கிறது. இருக்கட்டும்.

3

ஆய்வு இப்படி. அறுபத்தைந்து வயது தாண்டிய நூற்று நாற்பது பேர். தினமும் இரண்டு கப் தயிர். பாதிப் பேருக்குச் சிவப்பு மூடி, பாதிப் பேருக்கு நீல மூடி. ஒன்றில் முழுக்கப் பால். மற்றதில் பாதிப் பால், பாதி ஒரு பயறின் புரதம். சுவை, நிறம், கெட்டித்தன்மை எல்லாம் ஒன்றே. எந்த மூடிக்குள் எது என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. என் தங்கைக்கும் தெரியாது. தெரியக் கூடாது. அந்த விவரம் ஓர் உறைக்குள், வேறொரு கட்டடத்தில், பூட்டிய பெட்டியில் இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவு எடுப்பாள். அதில் முக்கியமானது ஒரு நாற்காலி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஊன்றாமல், ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். எத்தனை முறை முடிந்தது, எத்தனை நொடி ஆனது என்று அவள் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக் குறித்துக்கொள்வாள். நூற்று நாற்பது பேருக்கும் அவள் ஒருத்தியேதான் பிடிப்பாள், ஆளுக்கு ஆள் கை மாறினால் அளவும் மாறும் என்று.

அந்த அறையில் அவள் சிரிக்க மாட்டாள். "பலே", "இன்னும் ஒண்ணுதான்" என்று எதுவும் சொல்ல மாட்டாள். "தயாரா? எழுந்திருங்க" என்பதைக்கூட எல்லாருக்கும் ஒரே குரலில் சொல்வாள். ஒருவருக்கு உற்சாகம் கொடுத்தால் அவர் கூடுதலாக ஒருமுறை எழுந்துவிடலாம், அது தயிர் செய்த வேலையாகக் கணக்கில் ஏறிவிடும். இதற்காக வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகினாள். பங்கேற்பவர்கள் அவளுக்கு உம்மணாமூஞ்சி டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். சின்ன வயதில் சிரிக்க ஆரம்பித்தால் விக்கல் வரும்வரை நிறுத்தாதவள் இவள்.

4

இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், எழுபத்தொரு வயது, மனைவி போன பிறகு ஒழுங்காகச் சாப்பிடாமல் மெலிந்தவர். கதைக்கு வேண்டுமென்று நான் உருக்கமாகச் செய்துகொண்ட ஆள் மாதிரி இருக்கிறார். ஆனால் நிஜமாகவே இருக்கிறார், என்ன செய்வது?

முதல் அளவில் அவர் இரண்டு முறை எழுந்தார். மூன்றாவது முறை பாதியில் நாற்காலியைப் பிடித்துவிட்டார். ஆறு மாதம் கழித்து மூன்று. ஒரு வருடத்தில் மூன்றேகால் என்று அவரே சொல்லிக்கொண்டார். என் தங்கை மூன்று என்று எழுதினாள்.

"கால் போட மாட்டீங்களா டாக்டரம்மா?"

"இல்லைங்கய்யா."

"நாப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். எறங்கறப்போ பிடிச்சுக்காம எறங்கினதே இல்ல. இப்ப பிடிக்காம எழுந்திருக்கச் சொல்றீங்க. கடைசி தடவை அஞ்சு போட்டுக் காட்டறேன், பாருங்க."

அவள் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டாள். வெளியே வந்து என்னிடம், "கடைசி அளவ மட்டும் நான் தவறவே விடமாட்டேன்ணா" என்றாள். இந்த ஆய்வுக்கு அனுமதி வாங்கவே அவளுக்கு ஏழு வருடம் ஆகியிருந்தது.

5

திருட்டு.

கடைசி அளவுக்கு மூன்று வாரம் இருந்தது. கதைக்குத் தகவல் சேகரிக்கப் போயிருந்தேன். பிற்பகல் மூன்று மணி, சரியான பசி. அவள் பக்கத்து அறையில் ஏதோ எடை போட்டுக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் பூட்டாமல் இருந்தது. எழுத்தாளனுக்கு அனுபவம் முக்கியம் என்று எனக்கு நானே எடுத்துச் சொல்லி, கைக்கு வந்த ஒரு கப்பை எடுத்து, அளவுக் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டேன். நல்ல தயிர், அளவான புளிப்பு.

பத்து நிமிடத்தில் கழுத்து அரிக்க ஆரம்பித்தது. பிறகு தடித்தது. என் ஆயுளில் எனக்கு இப்படித் தடித்தது பட்டாணி சாப்பிட்டபோது மட்டும்தான். அது என் தங்கைக்கும் தெரியும். தயிரில் சேர்ப்பது எந்தப் பயறு என்று அவள் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

உள்ளே வந்தவள் காலிக் கப்பைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள். திட்டவில்லை. மாத்திரை கொடுத்தாள், மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்தாள். "எல்லார்கிட்டயும் அலர்ஜி இருக்கான்னு கேட்டுத்தான் சேர்த்தோம். உன்ன யாருண்ணா சேர்த்தது?" என்றாள்.

கப் வெள்ளை. மூடியில்தான் நிறம். மூடியோ மேசைமேல் கவிழ்ந்து, உட்புறத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அவள் அதன் பக்கமே திரும்பாமல் மெதுவாகச் சொன்னாள்: "அத மட்டும் திருப்பாத."

வாசகரே, நான் முட்டாள் இல்லை. ஆனால் பதற்றத்தில், நான் ஒன்றும் பெரிய தப்புச் செய்யவில்லை என்று காட்டும் அவசரத்தில், "எத, இதையா?" என்று கையில் எடுத்துக் காட்டிவிட்டேன்.

ஒரு நொடிதான். எந்த நிற மூடிக்குள் பயறு என்று உறைக்குள் பூட்டி வைத்திருந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

6

"யாருக்குத் தெரியப் போகுது? நீயும் நானும்தானே" என்றேன்.

"என் கட்டைவிரலுக்குத் தெரியும்ணா."

ஸ்டாப்வாட்சை எடுத்துக் காட்டினாள். ஒருவர் நேராக நின்றுவிட்டார் என்று முடிவு செய்வது விரல். இந்த மூடிக்காரர் ஜெயிக்கட்டும் என்று மனம் நினைத்தால் விரல் ஒரு இமைப்பொழுது முந்தும். அவளுக்கே தெரியாமல் முந்தும். "எனக்குப் பயறு ஜெயிக்கணும்னு ஆசையா இருக்கு. அதனாலதான் தெரியக் கூடாதுன்னு வெச்சோம்."

அன்று மாலையே, ஆய்வுக்கு அனுமதி கொடுத்த நெறிக்குழுவுக்குக் கடிதம் எழுதினாள். கடைசி அளவை எடுக்கும் தகுதி தனக்கு இல்லை, மூடி விவரம் தெரியாத பிசியோதெரபிஸ்ட் ஒருவர் எடுக்கட்டும், கை மாறியதை முடிவு வெளிவரும்போது முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கடிதத்தில் என்னைத் தேடினேன். "ஃபிரிட்ஜைப் பூட்டாதது என் தவறு" என்று மட்டும் இருந்தது.

"நான்தானேடி திருடினேன்? அத எழுது."

"ஆய்வுக்குப் பொறுப்பு நான். நீ அதுல இல்லவே இல்ல."

ஆய்வின் மதிப்பு குறையும் என்று அவளுக்குத் தெரியும். கடைசி நாளில் அந்த அறையில் இருக்க முடியாது என்பதும் தெரியும். இரண்டையும் தெரிந்தே கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். நான் எத்தனையோ கதைகளில் உத்தமர்களை எழுதியிருக்கிறேன். ஒருவரும் இவள் கால்தூசிக்கு ஆக மாட்டார்கள்.

7

சில முடிவுகளை யோசித்தேன்.

(அ) குழு அவள் நேர்மையைப் பாராட்டி, அவளையே அளவெடுக்கச் சொல்கிறது. [அடிக்கப்பட்டது. ஓரத்தில் தங்கையின் எழுத்து: "அப்படிச் சொன்னா அது குழுவே இல்ல."]

(ஆ) ஓட்டுநர் ஐந்து முறை எழுகிறார், அரங்கமே எழுந்து [அரங்கம் ஏது? பச்சை பெயின்ட் அறை.]

(இ) பயறு ஜெயித்து, உலகெங்கும் பாதித் தீவனம் மிச்சமாகி, ஆறுகளில் [போதும்.]

8

நடந்ததைச் சொல்கிறேன்.

ஓட்டுநருக்கு அளவெடுக்கும் நாள். நூற்று நாற்பது பேரும் அதே வாட்சில்தான் அளக்கப்பட்டார்கள் என்பதால் அதற்குப் புது பேட்டரி போட்டு, வாசலில் வைத்தே பிசியோதெரபிஸ்டிடம் கொடுத்தாள் தங்கை. உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிட்டோம். பேருந்து வரவில்லை. அரை மணி, முக்கால் மணி. அவள் கட்டடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நேர அட்டவணையையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஏதோ ஹாரன் சத்தம். அவள் திரும்பிய நேரம் பார்த்து ஓட்டுநர் வெளியே வந்தார். வந்தவர் சாலைக்கு அந்தப்புறமிருந்து எங்களைப் பார்த்துவிட்டார். முகத்துக்கு நேரே கையைத் தூக்கினார். விரல்களை விரிக்கத் தொடங்கினார்.

என் தங்கை கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"நான் பாக்கலண்ணா. முழுசா முடியற வரைக்கும் நான் பாக்கக் கூடாது. நீ கையாட்டு. நான் பாத்துட்டேன்னு அவர் நெனைக்கணும்."

ஆட்டினேன். அவளும் கையைத் தூக்கி ஆட்டினாள், கண் மூடியபடி, கொஞ்சம் தவறான திசையில். அவர் விரல்களை மடக்காமல் நெடுநேரம் நின்றார்.

"இன்னும் நிக்கறாரா?"

"நிக்கறார்."

"முகம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "வேணாம். அதுவும் சொல்லாத" என்றாள்.

நான் பார்த்தேன். எத்தனை விரல், எப்படிப்பட்ட முகம், இரண்டும் எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன், ஏனென்றால் இதை முதலில் படிக்கப் போகிறவள் அவள். எண்ணிக்கையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்; இரண்டோ, மூன்றோ, ஐந்தோ. எங்காவது அவளைப் பார்த்தால் மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். உறையைப் பிரிக்க இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.