ஆறு மரம் தெரிந்தால் கிளம்பலாம்

மீனம்பாக்கத்தில் பனி இறங்கும் காலைகளில் அறிவுச்செல்வன் பார்க்கிற வேலையைச் சொன்னால் சிரிப்பு வரும். விளக்கு எண்ணுவதுதான் வேலை. ஓடுபாதை ஓரத்தில் குறித்து வைத்த இடத்தில் நின்று, வரிசையாக எரியும் விளக்குகளில் எத்தனை கண்ணுக்குத் தெரிகின்றன என்று எண்ணி மேலே சொல்ல வேண்டும். விளக்குக்கு விளக்கு அறுபது மீட்டர். எண்ணிக்கை குறைந்தால் விமானம் கிளம்பக் கூடாது. உள்ளே மந்திரியே உட்கார்ந்திருந்தாலும் கூடாது என்றால் கூடாதுதான்.

இதைக் கேட்டதிலிருந்து அவன் அப்பா ராமசாமிக்குத் தலைகால் புரியவில்லை. தியாகதுருகத்துக்குக் கிழக்கே மெயின் ரோட்டோரம் அவர்கள் வீடு. வந்தவர் போனவரிடமெல்லாம், "எம்மவன் வாணாம்னா ஏரோப்பிளேனே நின்னுடும்" என்பார்.

1987 மார்கழி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த தங்கை விஜயலட்சுமியைப் பார்க்க அறிவு கடைசி பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி வந்து இறங்கினான். போன பொங்கலுக்குப் பிறகு இப்போதுதான் வருகிறான். விடிகிற நேரத்தில் அம்மா பெரியநாயகி உலுக்கி எழுப்பினாள். நாள் இன்னும் இருபது பாக்கியிருக்க, விஜயலட்சுமிக்கு வலியும் ரத்தப்போக்கும் கண்டிருந்தது.

தெருக்கோடி பிச்சைமுத்து தன் அம்பாசிடரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அரைமணிப் பயணம். ஆனால் வெளியே பனி.

பனி என்றாலே அந்த வீட்டுக்குப் பயம். இரண்டு வருஷம் முன்னால் இதே ரோட்டில், விளக்கில்லாமல் நின்ற கரும்பு டிரெய்லரில் மொபெட்டோடு மோதிச் செத்தான் மூத்தவன் அய்யப்பன். காரியம் முடிந்த மறுநாள் அறிவு வாசலில் நின்று, வெள்ளைப் பட்டை அடித்த ரோட்டோரப் புளியமரங்களை எண்ணினான். மரத்துக்கு மரம் பதினைந்து மீட்டர். பனியில் ஆறு மரம் தெரிந்தால் வண்டி எடுக்கலாம், குறைந்தால் கூடாது என்று தனக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை. விளக்கு எண்ணுகிறவன் ஊருக்கு வந்து மரம் எண்ணுகிறான் என்று கேலி பேசுவார்கள்.

இப்போது அதே இடத்தில் நின்று எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கப்பால் வெறும் வெள்ளை.

"மூணுதான் தெரியுது. இப்ப எடுக்கக் கூடாது."

"மெதுவா போயிடலாங்க," என்றான் பிச்சைமுத்து. "லைட்டப் போட்டுக்கினு, ஆரன் அடிச்சிக்கினே போறேன்."

"எங்கண்ணனும் மெதுவாத்தான் போனான்."

"அவனுக்குத் தெரியும், இருப்பா," என்றார் ராமசாமி. பின் சீட்டில் மகளை மடியில் கிடத்தியிருந்த பெரியநாயகிதான் கத்தினாள்: "இன்னாடா பாத்துக்கினே நிக்கிற? பொடவயெல்லாம் நனஞ்சி போச்சிடா!"

அறிவு அசையவில்லை. ஏர்போர்ட்டில் எத்தனை அதட்டலைப் பார்த்தவன்! காருக்குள் ஐந்து உயிர், வயிற்றுக்குள் ஒன்று. கால்மணி ஆயிற்று, மூன்று. அரைமணி ஆயிற்று, மூன்று. விஜயலட்சுமியின் முனகல் நின்றது. வலி விட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான், பாவி.

முக்கால் மணி கழித்துத்தான் மரங்களை விட்டுக் கண்ணை எடுத்து நிமிர்ந்து பார்த்தான். தூரத்தில் தியாகதுருகம் மலை தெரிந்தது, உச்சிக் கோட்டைச் சுவர் முதற்கொண்டு. அதற்கும் பின்னால் கல்வராயன் மலை ஒரு கோடாகத் தெரிந்தது. ரோட்டில் வெகுதூரத்தில் ஒருவர் சைக்கிள் மிதித்து வந்துகொண்டிருந்தார். மரம் மட்டும் மூன்றுதான்.

"பிச்சமுத்து, மிச்ச மரமெல்லாம் எங்கப்பா?"

"புளியமரமா? பொரட்டாசி மறியல்ல வெட்டி ரோட்டுல போட்டாங்களேங்க. இந்தாண்ட இந்த மூணுதான் தப்பிச்சிது." சாவியைத் திருகப் போனவன் நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். "அதையா எண்ணிக்கினு இருந்தீங்க?"

இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலை அறிவு பேப்பரில் வரிவிடாமல் படித்தவன்தான். ரோடுகள் அடைபட்டதும் மரங்கள் சாய்ந்ததும் அவனுக்குத் தெரியும். பேப்பரில் சாய்ந்த மரம் தன் வாசலுக்கு எதிரே நின்ற மரம் என்று மட்டும் தோன்றவில்லை.

கார் பறந்தது. ஜன்னலோரம் வெட்டுப்பட்ட அடிக்கட்டைகள் ஒவ்வொன்றாகப் பின்னே போயின. சிலதில் துளிர்கூட விட்டிருந்தது. ஓடுபாதைக்கு எழுதி வைத்த விதியில் முதல் வரி அவனுக்கு நினைவு வந்தது: எண்ணப் போகுமுன், எரியாத விளக்குகள் எவை என்று தெரிந்துகொள். தினமும் சாயங்காலம் எலக்ட்ரீஷியன் அந்தப் பட்டியலைக் கொண்டுவந்து கொடுப்பார். அதைப் பார்க்காமல் அவன் ஒரு நாளும் எண்ணியதில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தை செத்துத்தான் பிறந்தது. ஒரு மணி நேரத்தில் விஜயலட்சுமியும் போய்விட்டாள். அரைமணி முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மதியம் விஜயலட்சுமியின் மாமியார் குஞ்சம்மாள் ரிஷிவந்தியத்திலிருந்து மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். "காரு வாசல்லயே நின்னுதாமே! ஏன் எடுக்கல?"

"பனிங்க, சம்மந்தி," என்றார் ராமசாமி. அப்போதும் மகனை விட்டுக்கொடுக்கவில்லை. "கண்ணு தெரியாத பனி. எம்மவன் சட்டம் தெரிஞ்சவன். பாத்துத்தான் நிறுத்தனான்."

அதை எல்லோரும் நம்பினார்கள். சுவரோரம் நின்ற பிச்சைமுத்து கார் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் திறக்கப் போவதில்லை. அறிவும் திறக்காமல் இருந்திருக்கலாம்.

"பனி கம்மிதாம்பா," என்றான். "மரந்தான் இல்ல."