சட்டத்துக்கு உட்பட்டவை

கலைக்கூடத்தின் கதவில் மூன்று விதிகள் ஒட்டியிருந்தன. ஊர்க் கலைஞர்களின் ஆண்டுக் கண்காட்சிக்கானவை. படைத்தவர் இந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும். படைப்பு சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். சுவரில் தொங்க வேண்டும்.

என் மனைவியின் வேலைகளைப் படம் பிடித்துக் கொண்டு போயிருந்தேன். பதினாறு கடைகளின் பெயர்ப் பலகைகள். கடலுக்கு இறங்கும் எங்கள் தெருவில் அவள் எழுதாத பலகை குறைவு. கண்காட்சியில் ஒரு தடவையாவது தன் எழுத்து இடம்பெற வேண்டும் என்று விண்ணப்பத் தாள் வாங்கி வைத்திருந்தாள். நிரப்புவதற்குள் ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டாள். அது நடந்து பதினான்கு மாதம். தாளை நான் நிரப்பினேன்.

கலைக்கூடத்து மேடம் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“எழுத்து அழகா இருக்கு தம்பி. ஆனா இது கடை போர்டு. தொழில். நாங்க வைக்கிறது கலை.”

“ரெண்டும் கையால செய்யறதுதானே மேடம்.”

“அப்படிப் பார்த்தா முடி வெட்டுறதும் கலைதான். சலூனைத் தூக்கிட்டு வந்து இங்க வைக்க முடியுமா?” கதவைக் காட்டினார். “ரெண்டாவது விதியைப் பாருங்க. போர்டுக்குச் சட்டம் ஏது?”

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். வாசலுக்கு மேல் ‘கலைக்கூடம்’ என்று இருந்தது. அதை எழுதியவளும் அவள்தான். கட்டட ஒப்பந்தக்காரர் மூலம் வந்த வேலை. மேடத்துக்கு ஆள் தெரியாது. நானும் சொல்லவில்லை.

என் கடைக்கு இடப்பக்கம் மச்சினியின் கடை. என் மனைவியின் தங்கை. மர அச்சால் துணியில் சாயப் பூ போடுகிறவள். விரல் பத்தும் எப்போதும் நீலமாக இருக்கும்.

“என்ன மாமா, மூஞ்சி உப்புக்காத்துல கிடந்த ஆணி மாதிரி இருக்கு?”

சொன்னேன்.

“சட்டம் இல்லைன்னு சட்டம் பேசுச்சா அந்தம்மா? நீங்க என்ன தொழில் பண்றீங்க?”

“படத்துக்குச் சட்டம் போடறேன்.”

“அப்ப போடுங்க.”

“கடைக்காரங்க போர்டைக் கழட்டித் தர மாட்டாங்க.”

“கழட்டச் சொல்லி யார் கேட்டா? சுவர்ல தொங்கணும்னுதானே எழுதியிருக்கு. எந்தச் சுவர்னு எழுதியிருக்கா?”

கதவில் இருந்த விதிகளை மனதுக்குள் மறுபடி படித்துப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை.

கண்காட்சிக்குப் பத்து நாள் இருந்தது. மறுநாள் காலை ஏணியைத் தூக்கிக்கொண்டு தையல்காரரிடம் போனேன். எது கேட்டாலும் அளவில் பதில் சொல்லும் மனிதர். தெருவில் அவருக்கு அரை இஞ்ச் என்று பெயர்.

“சட்டம் போட்டா என் பேர் அரை இஞ்ச் சின்னதாத் தெரியுமேப்பா.”

“தெரியாதுங்க. வெளியில வச்சுப் போடறேன்.”

“அப்ப போர்டு பெருசாத் தெரியுமா?”

“மூணு இஞ்ச்.”

“ரெண்டு பக்கமும் மூணா?” முகம் மலர்ந்துவிட்டது. ஏணியை அவரே பிடித்துக்கொண்டார்.

மேலே ஏறியதும்தான் தெரிந்தது. அந்தப் பலகை நேர்ச்சதுரம் இல்லை. சுவர் சாய்ந்திருந்த அளவுக்கு அவள் பலகையைச் சாய்த்து அறுத்திருந்தாள். கீழிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். என் மிஷின் நாற்பத்தைந்து டிகிரியில் வெட்டும். இங்கே ஒரு முனை நாற்பத்து மூன்று, இன்னொன்று நாற்பத்தேழு. ஒவ்வொரு முனையையும் கையால் அறுக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்தது. பலகையின் மேல் விளிம்பில், தெருவில் நிற்பவர் கண்ணுக்குப் படாத இடத்தில், பென்சிலால் பொடி எழுத்து.

‘அரை இஞ்ச் இடப்பக்கம் தள்ளச் சொன்னார். தள்ளவில்லை. தள்ளியதாக நினைத்துச் சந்தோஷப்பட்டார்.’

“என்னப்பா மேலயே நின்னுட்ட?” என்றார் கீழிருந்து.

“அளக்கறேங்க.”

அதற்குப் பிறகு எந்தக் கடையில் ஏறினாலும் முதலில் விளிம்பைத்தான் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தது. சாவிக்கடை அக்காவின் பலகையில், ‘ஆறு டீ கொடுத்தார். ஆறும் சர்க்கரைத் தண்ணீர்.’ வலைக்கடையில், ‘காற்று. மஞ்சள் பெயின்ட் போகிறவர் வழுக்கையில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. நான் சொல்லவில்லை.’ மச்சினியின் பலகையில், ‘குட்டிச்சாத்தான். நிறம் நான்கு தடவை மாற்றினாள்.’ அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். “அஞ்சு தடவை. எண்ணத் தெரியல அவளுக்கு” என்று உள்ளே போனவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள்.

பகல் முழுக்க அறுத்தேன். பசை, கிளாம்ப், வார்னிஷ் மூன்று பூச்சு. கடற்காற்றில் இரும்பு நிற்காது என்பதால் பித்தளைத் திருகு. விளிம்பின் எழுத்து மறையாதபடி மேல்சட்டத்தில் விரல் அகலம் இடம் விட்டேன். ஒன்பதாம் நாள் பதினாறும் முடிந்தது.

கண்காட்சியன்று காலை வெயில் ஏறும் முன் கலைக்கூடத்தின் பலகைக்கும் சட்டத்தை மாட்டினேன். கடைசித் திருகை முடுக்கிவிட்டுத் திரும்பினால் கீழே மேடம்.

“யாரைக் கேட்டு இதைப் பண்றீங்க?”

இறங்கினேன். “உங்க விதிப்படிதான் மேடம். எழுதினவ இந்த ஊர். சுவர்ல தொங்குது. இப்ப சட்டத்துக்கும் உட்பட்டாச்சு. இந்தத் தெருவுல இது பதினேழாவது.”

“எங்கிட்டயே சட்டம் பேசறீங்களா தம்பி?”

“பேசல மேடம். செய்யறேன்.”

அவர் வாய் ஓரம் துடித்தது. அடக்கிக்கொண்டார். பலகையை அண்ணாந்து பார்த்தார். தினமும் அதன் கீழே நுழைகிறவர், அன்றைக்குத்தான் நின்று பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“இதையும் அவங்கதான் எழுதினாங்களா?”

“மேல ஏறிப் பாருங்க.”

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அங்கே இருந்தது எனக்குத் தெரியும். ‘யாரும் உள்ளே கூப்பிடவில்லை. ஜன்னல் வழியாக நான்கு ஓவியம் பார்த்தேன். ஒன்று நன்றாக இருந்தது.’

மேடம் அதை இரண்டு தடவை படித்திருப்பார். இறங்கி வந்தபோது குரல் மாறியிருந்தது.

“எந்த ஒண்ணு?”

“சொல்லல மேடம்.”

“சரியான ஆளுதான்” என்றார். உள்ளே போய் எண் சீட்டுக் கட்டோடு வந்தார். கண்காட்சியில் உள்ள ஒவ்வொரு படைப்புக்கும் பக்கத்தில் ஒட்டுகிற சீட்டு. உள்ளே ஐம்பத்தொன்று வரை போயிருந்தது. ஐம்பத்திரண்டை அவர் கையாலேயே தன் வாசலில் ஒட்டினார். அதையும் சேர்த்துக் கட்டில் பன்னிரண்டுதான் மிச்சம் இருந்தது. பாக்கி ஐந்தையும் அட்டை கிழித்து எழுதினார். ஒவ்வொன்றிலும் என் மனைவியின் பெயர்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. உள்ளே ஐம்பத்தொன்றையும் பார்த்து முடித்தவர்கள் ஐம்பத்திரண்டைத் தேடி வெளியே வந்தார்கள். அங்கிருந்து ஐம்பத்து மூன்று எதிர்வாடையில். அப்படியே கடல் வரைக்கும். தெருவே நிறைந்துவிட்டது.

“ஐம்பத்து மூணு நான்தாங்க” என்று அரை இஞ்ச் வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார். ஏணிக்கு வரிசை நின்றது. விளிம்பைப் படித்துவிட்டு இறங்கியவர்கள் சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்கு ஓடினார்கள். சாவிக்கடை அக்கா தன் பலகையைப் படித்த கையோடு உள்ளே போய், வந்தவர்களுக்குப் போட்ட டீயில் சர்க்கரையைக் குறைத்தார்.

மதியம் மேடம் என்னிடம் வந்தார். “அடுத்த வருஷம் உள்ள ஒரு சுவரைக் காலியா வைக்கறேன் தம்பி. நாலு போர்டு கொண்டாங்க.”

“கடை போர்டு மேடம். கடையிலதான் தொங்கும். பார்க்கறவங்க வரட்டும்.”

“அதுவும் சரிதான்” என்றார்.

சாவிக்கடை அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். “ஊரான் வாசலுக்கெல்லாம் சட்டம் போட்டியே, உன் கடைக்குப் போர்டு எங்கடா? சாவிக்கடைக்குப் பக்கத்து வாசல்னு எத்தனை நாளைக்கு நான் வழி சொல்றது?”

இருந்தது. கடைக்குள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. அவள் கடைசியாக எழுதியது. புள்ளி வைக்கவில்லை. எழுத்தெல்லாம் எழுதி, பலகையை மாட்டி, எதிர்வாடையில் நின்று பார்த்துவிட்டுத்தான் புள்ளி வைப்பாள். மாட்டுவதற்குள் காய்ச்சல்.

மச்சினி ஒரு பக்கம் பிடிக்க, வெளியே கொண்டுவந்து மாட்டினேன். கூட்டம் படித்தது.

“பட… சசடடக… கடை?”

“என்ன பாஷைங்க இது?”

“பழைய மோட்டார் ஸ்டார்ட் ஆகற மாதிரி இருக்கு” என்றார் அரை இஞ்ச். தெரு மொத்தமும் சசடடக சசடடக என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தது. என் தொண்டையிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. மச்சினி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். சிரிப்புதான்.

அவள் சாயக் கிண்ணத்தையும் தூரிகையையும் நீட்டினாள். “வைங்க மாமா.”

“எனக்கு எழுத வராது.”

“எழுதவா சொன்னேன்? புள்ளிதானே.”

ஏறினேன். எதிர்வாடையில் தெருவே நின்றது. முதல் ‘ச’வுக்கு மேல் தூரிகையைக் கொண்டுபோனேன்.

“இன்னும் மேல!”

“வலப்பக்கம்!”

“யாருக்கு வலப்பக்கம்?”

“அரை இஞ்ச் கீழ!”

“ஏங்க, நீங்க சும்மா இருங்க!”

“அங்கதான்! அசையாதீங்க தம்பி!” இது மேடம்.

வைத்தேன். கை தட்டினார்கள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். புள்ளி கோணலாக விழுந்தது. அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

“படச்சட்டக் கடை!” என்று ஒரே குரலில் படித்தார்கள்.

மேல் விளிம்பைப் பார்த்தேன். காலியாக இருந்தது. வேலை முடிந்த பிறகுதான் எழுதுவாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தேன்.

‘புள்ளி மூன்று. ஊரே கத்தியது. கடைசிப் புள்ளி கோணல். மாற்றப்போவதில்லை.’