மேடேறிய தண்ணீர்

நகராட்சித் தலைவராகப் பதவியேற்ற மறுநாள் காலை ரைட் அக்கா கூப்பிட்டார், தண்ணீர் மேடேறி வந்தது. அதற்கு முன்பு அந்த ஊரில் தண்ணீர் கீழ்நோக்கி மட்டுமே ஓடிப் பழகியிருந்தது.

பேருந்தில் நடத்துநராக இருந்தவர் அவர். விசிலே வேண்டாம், அவர் ஒரு "ரைட்" சொன்னால் வண்டி கிளம்பிவிடும். அதனால் வந்த பெயர். படிக்கட்டில் தொங்கியவர்களை உள்ளே நகர வைத்த அந்தக் குரலை நம்பித்தான் ஊர் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவர், பதவிக்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். அமைச்சர்கள் மாறினார்கள், "ஆவன செய்யப்படும்" என்ற பதில் மாறவில்லை. அடுத்த தேர்தலில் ஊர் அவரைத் தோற்கடித்தது. மேட்டுத்தெருவில் குடியிருந்த சொந்தத் தங்கையே எதிராளிக்கு ஓட்டுப் போட்டாள், போட்டதை மறைக்கவும் இல்லை. பார்க்கப் போன அக்காவை வாசலிலேயே நிறுத்தி, "உன்னை நம்பிக் குடம் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு. இனிமே இந்தப் பக்கம் வராத," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

சில வருடங்கள் அவர் எங்கும் தலைகாட்டவில்லை. பிறகு, சட்டமன்றத்தில் இருந்தவர் நகராட்சிக்கு இறங்கி வருவதா என்று கட்சிக்காரர்கள் முகம் சுளிக்க, நான் இறங்க வேண்டிய ஸ்டாப் இன்னும் வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வேட்புமனு போட்டார். மயிரிழையில் ஜெயித்தார்.

பதவியேற்ற மறுநாள் விடிந்ததும் நகராட்சிப் பொறியாளரை அழைத்துக்கொண்டு ஊரின் பள்ளத்தில் இருந்த நீர்த்தொட்டிக்குப் போனார். பொறியாளர் நல்ல மனிதர். மேடு, மோட்டார், அழுத்தம் என்று ஏன் முடியாது என்பதைப் பொறுமையாக விளக்கினார். ரைட் அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு தொட்டியின் விளிம்பில் கையூன்றிக் குனிந்து, "என்ன, எல்லாரும் இங்கயே நிக்கிறீங்க? மேல எடம் காலியாத்தான் இருக்கு. ஏறுங்க, ஏறுங்க," என்றார். தண்ணீர் கொஞ்சம் தயங்கியது. பிறகு விளிம்பைத் தாண்டி இறங்கி, தெருவோரமாக ஒதுங்கி, அவர் பின்னால் நடந்தது. தபால் நிலையத் திருப்பத்தில் ஒரு சைக்கிளுக்கு வழிவிட்டு நின்றது. ஏற்றத்தில் மூச்சு வாங்கியவர் அவர்தான். தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"மேடம், இது விதிக்கு விரோதம்," என்றார் கூடவே ஓடி வந்த பொறியாளர்.

"எந்த விதி? நகராட்சி விதியா?"

"இல்ல மேடம். இயற்கை விதி."

"அப்ப நம்ம அதிகாரத்துக்குள்ள வராது. விடுங்க."

மேட்டுத்தெருவில் வீடு வீடாக நுழைந்து அண்டா, வாளி, தொட்டி என்று நிரப்பிவிட்டு, தங்கை வீட்டு வாசலுக்கு வந்ததும் தண்ணீர் நின்றது. அவரும் நின்றார். வராதே என்று சொன்ன வீடு. கதவைத் திறந்த தங்கை தண்ணீரைப் பார்த்தாள், அக்காவின் நனைந்த செருப்பைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.

"வாசல்லயே நின்னா எப்படி? ரெண்டு பேரும் உள்ள வாங்க," என்றாள்.

அதன்பின் நடந்த தேர்தல்களில் ரைட் அக்காவை எதிர்த்து நிற்க ஆள் தேடவேண்டியிருந்தது. வயதாகி அவரே போதும் என்று விலகிய பிறகும் தண்ணீர் தினமும் காலையில் தானாகவே மேடேறுகிறது. மேட்டுத்தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் நேரம் அது. வழியில் எதிர்ப்பட்டால் அவரவர் ஓரமாகப் போய்விடுவார்கள்.