பயிரில் தெரிந்த சுவர்

இருபது வருஷமாக மூடிவைத்த கதை சீதேவிப்பிள்ளைக்கு முன்னால் அன்றைக்கு எழுந்து நின்றது. எல்லாம் மகள் ஆர்த்திகா கொண்டுவந்த ஒரு படத்தால் வந்த வினை.

இலங்கையில் சண்டை முடிந்த மறுவருஷம் அது. ஆர்த்திகா வந்தாறுமூலைக் கம்பஸில் வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். சுனாமிச் சேதம் பார்க்க விமானத்திலிருந்து எடுத்த படங்கள் சில அவளுக்குப் படிப்பிக்கிற சேரிடம் இருந்தன. கடல் எட்டியும் பார்க்காத செங்கலடி வட்டையின் வயல்வெளியும் அவற்றில் விழுந்திருந்தது, இவர்களுடைய வயலும்தான்.

"இஞ்ச பாருங்கம்மா, நம்மட வேளாண்மைக்குள்ள வெளிறின கோடு. மண்ணுக்குள்ள சுவர் கிடந்தா மேல பயிர் மெலியுமாம். இந்தக் கரும்பச்சை வட்டம் தூர்ந்த கிணறா இருக்கலாம். பழங்காலத்துக் கட்டடமோ எண்டு சேருக்கு யோசினை. வெள்ளிக்கிழமை வந்து பாக்கப்போறார். உங்களுக்கு ஏதும் தெரியுமாம்மா?"

தெரியாமல் என்ன! அந்தக் கோட்டுக்குள்ளே குந்தியிருந்து எத்தனை நாள் பிளேன்டீ குடித்திருக்கிறாள். ஏறாவூர்ப் பதியுதீன் காக்காவின் வீடல்லவா அது? தொண்ணூறில் தமிழ்-முஸ்லிம் கலவரம் வெடிக்க, பெண்சாதி பிள்ளைகளோடு உடுத்த துணியோடு ஓடினார் மனிதர். சீதேவிப்பிள்ளையின் புருஷன் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தான். மறுகா கூரை ஓடுகளைக் கழற்றினான், சுவரை நிலமட்டத்துக்கு இடித்தான், கிணற்றைத் தூர்த்தான், உழுது விதைத்தான். அவன் செத்தபோது அந்தக் கதையும் அவனோடு எரிந்துவிட்டதென்றுதான் இவள் நினைத்திருந்தாள். காணி ஆர்த்திகாவுக்குச் சீதனம். வேறென்ன இருக்கிறது அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க?

"உங்கப்பா காடு வெட்டி எடுத்த காணி புள்ள. அந்தக் கோடு சுனாமி உப்பாக்கும்."

"சுனாமி இஞ்ச வரல்லையேம்மா."

"அப்ப உரம் கூடிற்று!" என்று சீறி விழுந்தாள். பொய் சொல்ல வராதவள் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

மகள் கம்பஸுக்குத் திரும்பியதும் கதிரறுக்கிற தாக்கத்தியோடு வயலில் இறங்கினாள். பயிர் இருந்தால்தானே கோடு தெரியும்? கதிர் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. பால் கதிரில் கத்தி வைக்க எந்தக் கமக்காரிக்குக் கை வரும்? பாழாய்ப்போன இவளுக்கு வந்தது. அழுதழுது வெட்டினாள்.

"என்னகா, உனக்கு விசரா?" என்று கேட்டார்கள் வரம்பால் போனவர்கள்.

"நோய் விழுந்திற்று" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆர்த்திகா தனியே வந்தாள். மொட்டையாய்க் கிடந்த வயலைப் பார்த்து வரம்பிலேயே நின்றுவிட்டாள்.

"சேர் வரல்லையா மகள்?"

"சேர் வாற கதை நான் சும்மா சொன்னது. என்னோட படிக்கிற றுக்ஷானா பதியுதீன் காக்காட மகள்தான். அவக்கிட்ட இந்தப் படத்தைக் காட்டினன், வீட்டுக்குக் கொண்டுபோனா. அவட வாப்பா ஒவ்வொரு அறையா விரல் வெச்சுச் சொல்லியிருக்கிறார். நானும் போய்க் கேட்டன்."

"எல்லாம் தெரிஞ்சுகொண்டுதானா என்னட்டக் கேட்ட?"

"கேட்டா எங்கம்மா உள்ளதச் சொல்லுவா எண்டு அவருக்கிட்டச் சொல்லிற்று வந்தன்."

வெட்டிக் கிடந்த பால் கதிரொன்றைக் குனிந்து எடுத்தாள் சீதேவிப்பிள்ளை.

"அவர் காணியத் தா எண்டுகூடக் கேக்கல்லம்மா. 'சீதேவிப்பிள்ளை பாடுபட்டுச் செய்த வேளாண்மை, வெட்டி முடியட்டும், மறுகா இருந்து கதைப்பம்' எண்டுதான் சொன்னார். நான் இப்ப போய் என்னத்தச் சொல்ல?"

தாயின் முகத்தைப் பாராமலே கேட்டுவிட்டு, வந்த வரம்பாலேயே பஸ்ஸுக்கு நடந்தாள் ஆர்த்திகா.