கையால் எறிந்ததாகக்கூட இருக்கலாம்

1

இந்தக் கதை எனக்கு வார்ப்பாலையில், மதியச் சாப்பாட்டு வேளையில் கிடைத்தது. பக்கத்து அச்சில் வேலை செய்யும் டேல் ஸ்டெபனிக் தன் அக்கா மார்னியைப் பற்றிச் சொன்னான். அவனுக்குக் கதை சொல்ல வராது. நடுவில் ஆரம்பிப்பான், வாய் நிறைய பியரோகிக் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுவான், சங்கு ஊதினால் பாதி வாக்கியத்தில் எழுந்து போய்விடுவான். ஆகவே வரிசை என்னுடையது, சரக்கு அவனுடையது. எழுதப்போகிறேன் என்றதும் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்.

"அவள அழ வெக்காத. அவ அழற ஆளு இல்ல. நீ எழுதினா பொய்யாயிடும்."

முதலில் எழுதிய தொடக்கம்: ‘ஏரிக்காற்றில் கொடிகள் படபடக்க, மார்னி மைதானத்தின்...’ வேண்டாம். எல்லார் கதையிலும் காற்று அடிக்கிறது.

அடுத்தது: ‘மார்னி முதன்முதலாகப் பந்தை உதைத்தபோது...’ இதுவும் வேண்டாம். அங்கிருந்து ஆரம்பித்தால் அவள் பயிற்சியாளர் ஆவதற்குள் உங்களுக்குப் பொறுமை போய்விடும்.

இதை வைத்துக்கொள்கிறேன்: மார்னி ஸ்டெபனிக்கின் ஆட்ட வாழ்க்கை துணி துவைக்கும் கடையில் முடிந்தது.

2

அவள் இடது பக்கத் தற்காப்பு. பெண்களுக்கான தொழில்முறைக் கால்பந்து அணியில் ஆடினாள். (தொலைக்காட்சியில் பார்ப்பதை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே வாடகை வீட்டில் நாலு பேர், ஆட்டம் இல்லாத நாளில் பீட்சா கடையில் வேலை, சீருடையைத் தானே துவைக்க வேண்டும்.) இயந்திரத்துக்குள் சீருடை சுற்றிக்கொண்டிருந்தபோது அணி மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். போட்டித்தொடரையே இழுத்து மூடிவிட்டார்கள், இனி ஆட்டம் கிடையாது என்றார். அவள் சரி என்றாள். துணி காயும்வரை உட்கார்ந்திருந்தாள்.

இந்த இடத்தில் ஒரு உருக்கமான பத்தி இருந்தது. டேலிடம் படித்துக் காட்டினேன். மெல்லுவதை நிறுத்தாமல் வேண்டாமென்று தலையை ஆட்டினான். பத்தியை அடித்துவிட்டேன்.

பிற்பாடு அவள் தம்பியிடம் குறைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். "கடைசியா எந்தப் பந்தத் தொட்டேன்னே எனக்குத் தெரியலடா. எல்லைக்கோட்டுல நின்னு கையால எறிஞ்சதாக்கூட இருக்கலாம்."

கால்பந்தாடுகிறவளின் கடைசிப் பந்து கையால். டேல் சிரித்திருக்கிறான். அவளும் சிரித்தாளாம்.

3

பிறகு ஊருக்குத் திரும்பி, உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் ஆனாள். இந்த இடைப்பட்ட வருடங்களை வேகமாகத் தாண்டுகிறேன். மழையில் பயிற்சிக் கூம்புகளை அடுக்குவது, மகளை ஆட்டத்தில் இறக்காமல் ஏன் உட்கார வைத்தாய் என்று சண்டைக்கு வரும் அப்பாக்கள், நாற்றமடிக்கும் பேருந்து. வேலை என்றால் வேலைதான்.

4

மார்னியின் அணியில் ஆடிய டெலேனியை நான் பார்த்ததில்லை. அதனால் இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. டேலும் பார்வையாளர் வரிசையிலிருந்துதான் பார்த்திருக்கிறான். சிவப்பு முடி, வாய் நீளம் என்றான். பள்ளியின் கடைசி வருடம். ஒரே முட்டியில் இரண்டாவது தடவை தசைநார் அறுந்துவிட்டது. இனிமேல் ஆட்டமே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குள் இன்னொரு தடவை திருகினால் ஒழுங்காக நடப்பதே சந்தேகம்.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளூர் மைதானத்தில் பருவத்தின் கடைசி ஆட்டம் பள்ளியை முடித்துப் போகிறவர்களுக்கானது. பெற்றோரோடு பூங்கொத்து பிடித்துக்கொண்டு நடந்து வருவார்கள். அடிபட்ட பிள்ளை இருந்தால் இரண்டு பயிற்சியாளரும் நடுவரும் பேசி வைத்துக்கொள்வார்கள். ஆட்டம் தொடங்கும், பந்து அவளுக்கு வரும், அவள் வெளியே தட்டிவிடுவாள், கைதட்டலோடு அழைத்துப் போய்விடுவார்கள். அதுவரை இரண்டு அணியும் அசையாது.

மார்னி இதை ஏற்பாடு செய்தாள். டெலேனியின் அம்மாவுக்கு இஷ்டமில்லை. நின்ற இடத்தை விட்டு அவள் நகரமாட்டாள், அதற்கு நான் பொறுப்பு என்று மார்னி வாக்குக் கொடுத்தாள்.

டெலேனி கேட்டாளாம்: "ஒரே ஒரு தட்டுதானா கோச்? நாய்க்குக்கூட ரெண்டு பிஸ்கட் போடுவாங்க."

"ஒண்ணுதான். ஆனா அதுதான் கடைசின்னு தெரிஞ்சு தட்டுவ. எனக்கு அது கிடைக்கல." மார்னி சும்மா விடவில்லை. "ஓடினேன்னு வை, உங்கம்மா வர்றதுக்குள்ள உன் இன்னொரு கால நான் ஒடச்சிருவேன்."

5

விசில் ஊதியது. பந்து வந்தது. டெலேனி அதன்மேல் பாதத்தை வைத்தாள்.

தட்டவில்லை.

கைதட்டத் தொடங்கிய பார்வையாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அவள் நடக்க ஆரம்பித்தாள். ஓடவில்லை. முட்டியில் பட்டை, நொண்டிக்கொண்டே, பந்தை முன்னால் தள்ளித் தள்ளி, எதிரணி கோலைப் பார்த்து. பேசி வைத்தது பேசி வைத்ததுதான் என்பதால் ஒருத்தியும் அசையவில்லை. கம்பம் கம்பமாக நின்றவர்களுக்கு நடுவில் அவள் மட்டும் போனாள். எதிரணிப் பயிற்சியாளர் கார்வர் மார்னியின் பக்கம் திரும்பி, "இது நம்ம பேச்சுல இல்லயேம்மா" என்றார். வரிசையின் மேலிருந்து டெலேனியின் அம்மா இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

எதிரணி கோல்காவலி சின்னப் பெண். பந்து பெனால்டிப் பகுதிக்குள் வந்தால் காலடியில் பாய வேண்டும் என்றுதான் அவளுக்குப் பழக்கியிருப்பார்கள். பந்து கோட்டுக்கு வெளியே இருக்கும்வரை பேசி வைத்தது ஞாபகம் இருக்கும். உள்ளே வந்தால் உடம்பு தானாகப் பாயும்.

இது மார்னிக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். கத்தினால் டெலேனி கேட்பாள், உடனே பந்தை வெளியே அடித்துவிடுவாள். அதோடு அவளுடைய கடைசி ஆட்டமும் முடிந்தது.

6

முடிவு ஒன்று: கோல் விழுகிறது, எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். டேல் இதற்கு, "யோவ் எழுத்தாளரே, இந்த சினிமாவுக்கு டிக்கெட் எவ்வளவு?" என்றான்.

முடிவு இரண்டு: முட்டி போகிறது, மார்னியின் வேலையும் போகிறது, அவள் வீட்டுக்குப் போய்... இல்லை. அழ வைக்கக் கூடாது.

நடந்தது என்ன என்று டேல் எனக்குச் சொல்லிவிட்டான். ஆனால் நான் எழுதப்போவதில்லை. அந்தக் கால் பிழைத்தது என்று எழுதினால் மார்னியை நல்ல மனசுக்காரி என்பீர்கள். போயிற்று என்று எழுதினால் அறிவுகெட்டவள் என்பீர்கள். முடிவைத் தெரிந்துகொண்டு ஆளை எடைபோடுவது சுலபம். எல்லைக்கோட்டில் நின்ற அவளுக்கு அந்த வசதி கிடையாது. உங்களுக்கு மட்டும் எதற்கு?

அம்மா கடைசிப் படிக்கு வந்துவிட்டாள். கோல்காவலி முட்டியை மடக்குகிறாள். பந்துக்கும் பெனால்டிப் பகுதியின் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில் இன்னும் ஒரு தட்டு.

கத்துவதானால் இப்போதே கத்துங்கள்.